எந்தக் கால் முதலில்?

போளூரில் ஒரு தறி வீடு. தெருவில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடுகிறது. டக், சர்ர், டக். டக், சர்ர், டக். உள்ளே குழித்தறியின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, ஒரு தாத்தா பட்டுச் சேலை நெய்துகொண்டிருக்கிறார். அரக்கு நிறப் பட்டு, கரையில் ஜரிகை. வலது கை கயிற்றைச் சுண்டுகிறது, நாடா ஓடுகிறது. இடது கை பலகையை இழுத்து அடிக்கிறது. கீழே, கண்ணுக்குத் தெரியாத இருட்டில், கால்கள் மிதியை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. அவர் கண் மட்டும் பாவின் மேல் இருக்கிறது.

தறியை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் இழைகள் பாவு. அதற்குக் குறுக்கே ஓடுவது ஊடை. ஊடை இழையைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும் படகு மாதிரியான கட்டைதான் நாடா. மிதியை அழுத்தினால் பாவில் பாதி இழைகள் மேலே எழும்பும், பாதி கீழே இறங்கும். நடுவில் திறக்கும் வழியில் நாடா ஓடும்.

தாத்தா எழுந்து வந்து திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு கேள்வி கேட்டேன். "தாத்தா, தறியில உக்காந்ததும் எந்தக் காலை முதல்ல மிதிப்பீங்க?"

அவர் யோசித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கால்களையே பார்த்தார். வலது பாதத்தை அசைத்தார், பிறகு இடது பாதத்தை. "இரு தம்பி, உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று உள்ளே போனார். குழிக்குள் காலை விட்டதும் கால் தானாக நகர்ந்தது. "வலதுதான்!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். அவர் குரலிலேயே ஆச்சரியம் இருந்தது.

"நாப்பது வருஷமா நெய்யறாரு, அவருக்கே தெரியலியே!" என்று அவருடைய பேத்தி கைகொட்டிச் சிரித்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிற பெண்.

அவருக்குத் தெரியும். அவர் காலுக்குத் தெரியும், வாய்க்குத்தான் தெரியவில்லை. இந்த வித்தியாசத்தை உலகத்துக்குப் புரியவைத்த ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கடுமையான வலிப்பு. 1953-இல், 27 வயதில், வலிப்பை நிறுத்துவதற்காக அவருடைய மூளையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் பகுதியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அதோடு ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கு போய்விட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. காலையில் பார்த்த மருத்துவரிடம் மத்தியானம் புதிதாக அறிமுகம் செய்துகொள்வார்.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். தாளில் ஒரு நட்சத்திரம், இரட்டைக் கோட்டில். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் பென்சிலால் வரைந்து சுற்றி வரவேண்டும். ஆனால் கையை நேராகப் பார்க்கக் கூடாது; எதிரே இருக்கும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். செய்து பார்த்தால் தெரியும், மேலே போக நினைத்தால் பென்சில் கீழே போகும். முதல் நாள் மொலைசனும் தடுமாறினார். மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தார். மூன்றாம் நாள் கோட்டைத் தாண்டாமல் அழகாகச் சுற்றி வந்தார். இதில் அதிசயம் என்ன தெரியுமா? ஒவ்வொரு நாளும் அவர் இதை வாழ்க்கையில் முதல் தடவையாகச் செய்வதாகத்தான் நினைத்தார். இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவரே வியந்தார். அவருக்கு நினைவில்லை, கைக்கு நினைவிருந்தது.

மொலைசன் 2008-இல் 82 வயதில் இறந்தார். அதுவரை உலகம் அவரை ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துகளால்தான் அறியும். வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சிக்கு உட்கார்ந்த அந்த மனிதருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அவரால் நமக்குத் தெரிந்தது இதுதான்: நமக்குள் இருப்பது ஒரே நினைவுப் பெட்டி இல்லை. 'நேற்று என்ன சாப்பிட்டேன்' என்பதை வைக்கிற இடம் வேறு. 'சைக்கிள் எப்படி ஓட்டுவது' என்பதை வைக்கிற இடம் வேறு. இரண்டாவது வேலையில் பெரிய பங்கு, மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்கிலியா என்ற நரம்பணுத் திரளுக்கு உண்டு. பழக்கம் குடியிருக்கும் இடம் அது.

பழக்கம் அங்கே எப்படிக் குடியேறுகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆன் கிரேபியல் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பாதை, முடிவில் இரண்டாகப் பிரியும். ஒரு சத்தம் கேட்டால் இந்தப் பக்கம், வேறு சத்தம் கேட்டால் அந்தப் பக்கம். சரியாகப் போனால் தின்பண்டம். புதிதாகக் கற்கும்போது பாதை முழுக்க அந்தத் திரளின் நரம்பணுக்கள் சுறுசுறுப்பாக இருந்தன. பழகிய பிறகு தொடக்கத்தில் ஒரு துடிப்பு, முடிவில் ஒரு துடிப்பு, நடுவில் ஏறக்குறைய அமைதி. பாதை முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டது மூளை.

தாத்தாவுக்கும் அதுதான். உட்கார்ந்தால் பொட்டலம் பிரிகிறது. நடுவில் 'எந்தக் கால்?' என்று கேட்டால் பதில் இல்லை.

இங்கே பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப பட்டுப்புழுவும் பழகித்தான் கூடு கட்டுதா?"

நல்ல கேள்வி. இல்லை. பட்டுப்புழு தலையை எட்டு வடிவத்தில் ஆட்டி ஆட்டி, இரண்டு மூன்று நாளில் தன்னைச் சுற்றி ஒரே நீள இழையால் கூடு கட்டிவிடுகிறது. அந்த இழையைப் பிரித்து நீட்டினால் பல நூறு மீட்டர் வரும். சில கூடுகளில் ஒரு கிலோமீட்டரையும் தாண்டும். அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் தடவையிலேயே சரியாகக் கட்டும். அது இயல்பூக்கம், பிறக்கும்போதே வந்தது. ஆனால் அந்தப் புழுவால் வேறு மாதிரிக் கூடு கட்ட முடியாது. தாத்தா பிறக்கும்போது அவருக்கு நெய்யத் தெரியாது. அதனால்தான் அவரால் மயில் கரையும் நெய்ய முடிகிறது, கோபுரக் கரையும் நெய்ய முடிகிறது. தெரியாமல் பிறப்பது ஒரு பெரிய வசதி.

சரி, எத்தனை தடவை செய்தால் பழகும்? தாத்தா நெய்யும் சேலையையே கணக்கு போடுவோம். ஒரு அங்குலத்துக்கு 70 ஊடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலை நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது ஏறக்குறைய 216 அங்குலம். பெருக்கிப் பாருங்கள். 15,000 தடவைக்கு மேல் நாடா குறுக்கே ஓட வேண்டும், 15,000 தடவை கால் மாற வேண்டும். ஒரே சேலைக்கு. ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் நெய்யும் ஒவ்வொருவர் காலுக்குள்ளும் இப்படிப் பல லட்சம் மிதிப்புகள் சேர்ந்திருக்கின்றன. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு என்ற அரசாங்க முத்திரை உண்டு. அந்த முத்திரைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கால்கள்தான்.

நம் அன்றாடப் பழக்கங்களுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் 96 பேரிடம், தினமும் செய்ய ஒரு சின்னக் காரியத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். சாப்பாட்டோடு ஒரு பழம் சாப்பிடுவது, ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம் ஓடுவது, இப்படி. 12 வாரம் கவனித்தார். 'யோசிக்காமலே செய்கிறேன்' என்ற நிலை வருவதற்கு நடுவாக 66 நாள் ஆயிற்று. நம் வீடுகளில் விரதத்துக்கு ஒரு மண்டலம், 48 நாள் என்பார்கள் இல்லையா? அதற்கு மேல் இன்னும் 18 நாள். ஆனால் இந்த 66-ஐ எல்லாருக்கும் பொதுவான சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. இன்னொருவருக்குக் கணக்குப்படி 254 நாள் ஆகும் என்று தெரிந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தடித்தது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்கு எதுவும் பெரிதாகக் கெட்டுப்போகவில்லை. மறுநாள் தொடர்ந்தார்கள், பழக்கம் வளர்ந்தது. 'ஒரு நாள் விட்டாச்சு, எல்லாம் போச்சு' என்று நோட்டை மூடி வைக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பழகப் பழக மூளையே உருமாறுகிறது என்பதற்கும் சான்று உண்டு. 2004-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஜெர்மனி விஞ்ஞானிகள், மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையைச் சிலருக்குப் பழக்கினார்கள். மூன்று மாதத்தில், நகரும் பொருளைப் பார்த்துணரும் மூளைப் பகுதி அவர்களுக்குக் கொஞ்சம் தடித்திருந்தது. மேலும் மூன்று மாதம் பந்தைத் தொடாமல் இருந்தார்கள். தடித்தது மறுபடி குறைந்தது.

இதுவரைக்கும் கை, கால் வேலை. பேத்தி விடுகிறவளாக இல்லை. "தறி நெய்யறது, பந்து புடிக்கறது சரி. பொய் சொல்லாம இருக்கறதும் அப்படித்தானா? அதுக்குக் கையும் காலும் வேணாமே?"

அவள் சும்மா கேட்கவில்லை. பள்ளியில் அன்று ஏதோ நடந்திருந்தது. வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, நோட்டு வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதை அவளே பிறகு சொன்னாள்.

2016-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் நீல் காரெட், டாலி ஷரோட் என்ற விஞ்ஞானிகள் தங்கள் குழுவோடு இதைத்தான் சோதித்தார்கள். ஒரு கண்ணாடி ஜாடி நிறையச் சில்லறைக் காசு. அதன் படத்தைப் பார்த்து எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டு, கூட்டாளிக்குச் சொல்ல வேண்டும். கூட்டாளிக்குப் படம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இவர் சொல்வதை நம்பித்தான் ஆகவேண்டும். சில சுற்றுகளில், கூட்டித் தப்பாகச் சொன்னால் சொல்கிறவருக்கு லாபம், கூட்டாளிக்கு நஷ்டம். யாரும் 'பொய் சொல்' என்று சொல்லவில்லை. ஆனாலும் பலர் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்கள். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். போகப்போக அந்தக் 'கொஞ்சம்' பெரிதாகிக்கொண்டே போயிற்று.

அவர்களில் சிலரை, மூளையின் செயலைப் படம் பிடிக்கும் கருவிக்குள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். பாதாம் கொட்டை வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. பயம், பதற்றம் போன்ற உணர்ச்சிகளோடு அதற்குத் தொடர்பு அதிகம். தன் லாபத்துக்காக முதலில் பொய் சொன்னபோது அது நன்றாகவே துடித்தது. அடுத்தடுத்த பொய்களுக்குத் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு குறைந்ததோ, அந்த அளவுக்கு அடுத்த பொய் பெரிதாக இருந்தது.

நம் வீட்டில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: உறுத்தல். கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துகிற மாதிரி. முதல் பொய்க்கு நெஞ்சு உறுத்தும். பத்தாவது பொய்க்கு அவ்வளவாக உறுத்தாது. பொய் சின்னதாகிவிட்டதால் இல்லை, உறுத்தல் மழுங்கிவிட்டதால்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் தறிச் சத்தம் திடீரென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். தாத்தா பாவின் மேல் குனிந்திருந்தார். "இழ அறுந்துபோச்சு" என்றார். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று. எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் உள்ளங்கையைப் பாவின் மேல் மெல்ல ஓட்டினார், தூங்குகிற குழந்தையின் முதுகைத் தடவுவது போல. ஒரு இடத்தில் விரல் நின்றது. இரண்டு நுனிகளையும் பிரித்தெடுத்தார். விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டுக்கொண்டு, துண்டு இழை ஒன்றை நடுவில் வைத்து, ஒரு திருகு, ஒரு முடிச்சு. மீதியை நறுக்கினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"பாக்காம விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"அந்த எடத்துல கோடு வுழுந்துக்கினே போவும் தம்பி. ஒரு மொழம் போனதுக்கு அப்புறம் பாத்தா ஒரு மொழத்தையும் பிரிக்கணும். அப்பவே பாத்தா ஒரே முடிச்சு."

பேத்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நோட்டோடு வந்து தாத்தா பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு டீச்சரிடம் என்ன சொல்வது என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். தாத்தா தறியை நிறுத்தவில்லை, கேட்டுக்கொண்டே நெய்தார்.

ஆனால் குணம் என்பது பிள்ளைகள் மட்டும் தனியாக உட்கார்ந்து வளர்த்துக்கொள்கிற பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். இதைப் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960-களின் கடைசியில் தொடங்கியது. குழந்தை முன்னால் ஒரு மிட்டாய். 'நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்' என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வந்தார்கள் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். 2018-இல் 900-க்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது, அந்தத் தொடர்பு நினைத்ததைவிடச் சிறியது, குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தால் இன்னும் சிறியது என்று தெரிந்தது.

அதற்கு முன்பே ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் குழுவினரும் ஒரு அருமையான கேள்வி கேட்டார்கள்: காத்திருக்கச் சொல்கிறவர் வாக்குத் தவறாதவரா என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? மூன்றிலிருந்து ஐந்து வயது வரையிலான 28 குழந்தைகள். முதலில் எல்லாருக்கும் தேய்ந்துபோன பழைய வண்ணக்குச்சிகள் கொடுத்து, 'கொஞ்சம் பொறு, புதுசு கொண்டு வரேன்' என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி புதிது வந்தது. மீதிப் பேரிடம் 'அடடா, இல்லையே' என்று கையை விரித்தார்கள். பிறகு ஒட்டுப்படத்திலும் அதே மாதிரி. அதற்குப் பிறகுதான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். பொறுமையில்லாத பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்ல முடியுமா? வராத மிட்டாய்க்குக் காத்திருக்காதது புத்திசாலித்தனம்தானே.

இதைப் படித்த அன்று எனக்கு என்னவோ போலிருந்தது. காரணம் இருக்கிறது. முதல் தடவை போளூர் போனபோது, பட்டு இழையைப் பெரிதாக்கிப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். இரண்டாம் தடவை மறந்துவிட்டேன். அவள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. வேலூர் வரும்வரை அது உறுத்திக்கொண்டே இருந்தது. உறுத்தியதே, அந்த மட்டும் நல்லது.

அந்தத் தெருவில் வாக்குத் தவறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு விடியற்காலையில் பார்த்திருக்கிறேன். பாவை வீட்டுக்குள் நீட்ட முடியாது, அவ்வளவு நீளம். தெருவோடு நீட்டிக் கட்டி, சிக்கெடுத்துக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகாது. எதிர்வீட்டு அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்து பிடித்தால்தான் உண்டு. 'காலையில வந்துடறேன்' என்றவர் வராவிட்டால் ஒரு நாள் வேலை போய்விடும். அங்கே வளர்கிற பிள்ளைக்கு, சொன்ன சொல் என்பது கண்ணால் பார்க்கிற காரியம். இருட்டில் ஒவ்வொரு கதவாகத் திறப்பது தெரியும்.

சரி, நீங்கள் ஏதாவது ஒன்றைப் பழக நினைத்தால்? ஜெர்மனியின் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல காலம் ஆராய்ந்து சொல்கிற வழி எளிமையானது. 'இனிமேல் நல்ல பிள்ளையாக இருப்பேன்' என்று முடிவெடுக்காதீர்கள். அது எங்கே, எப்போது என்று மூளைக்குத் தெரியாது. 'இது நடந்தால், இதைச் செய்வேன்' என்று முடிவெடுங்கள். 'பையைக் கழற்றி வைத்ததும் நாளைய வீட்டுப்பாடத்தை ஒரு தடவை படித்துப் பார்ப்பேன்.' 'தம்பி மேல் கோபம் வந்தால் முதலில் போய்த் தண்ணீர் குடிப்பேன்.' முதல் பாதிதான் சத்தம். எலிக்குக் கேட்டதே, அது மாதிரி. அது கேட்டதும் பொட்டலம் பிரியும்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்ற அமெரிக்க அறிஞர், மின்னலும் மின்சாரமும் ஒன்றுதான் என்று காட்ட வழி சொன்னவர், இளைஞராக இருந்தபோது ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். அடக்கம், நேர்மை, ஒழுங்கு என்று 13 குணங்கள். பக்கத்துக்கு ஒரு குணம், சிவப்பு மையில் கட்டங்கள், தவறினால் ஒரு கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின் மேல் கண். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. பொருள்களை அதனதன் இடத்தில் வைக்கிற ஒழுங்கு மட்டும் தனக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை என்று தன் வரலாற்றில் அவரே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அவரை அதனாலேயே இன்னும் பிடிக்கும். விஞ்ஞானி புள்ளியை மறைக்க மாட்டார்.

பழைய பழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த எலிகளுக்குத் தின்பண்டத்தை நிறுத்தினார்கள். பழக்கம் மங்கியது, மூளையில் அந்தத் துடிப்பும் மங்கியது. மறுபடி தின்பண்டம் வைத்ததும் பழைய துடிப்பு சட்டென்று திரும்பி வந்துவிட்டது. 2005-இல் வெளிவந்த முடிவு இது. பழைய பொட்டலம் உள்ளே எங்கோ கிடக்கிறது. ஆகவே விட்டுவிட்டதாக நினைத்த கெட்ட பழக்கம் ஒரு நாள் எட்டிப் பார்த்தால் பயப்படாதீர்கள், உங்களையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். இழை அறுந்த இடத்தைத் தேடுங்கள்.

மொலைசன் செய்த சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். தாளில் ஐந்து முனை நட்சத்திரம் வரையுங்கள். அதைச் சுற்றி அரை சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்று. முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே சாய்த்து வையுங்கள். கையை நேரே பார்க்க முடியாதபடி ஒருவர் நோட்டு அட்டையைப் பிடித்துக்கொள்ளட்டும். கண்ணாடியில் மட்டும் பார்த்து இரண்டு கோட்டுக்கும் நடுவில் சுற்றி வாருங்கள். எத்தனை விநாடி ஆயிற்று, எத்தனை தடவை கோட்டைத் தாண்டினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, நாலு நாள். ஐந்தாம் நாளை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஆறாம் நாளும் செய்து பாருங்கள். என்ன ஆயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தாண்டிய கணக்கை அப்படியே எழுதுங்கள், குறைக்க வேண்டாம்.

மூன்றாம் தடவை போளூர் போனேன். பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன் இரண்டு தடவை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சேலை தறியிலிருந்து இறங்கியிருந்தது. மடித்து, வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

பூதக்கண்ணாடியைக் கொடுத்ததும் அந்தப் பெண் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அதைப் பார்த்தாள். "எங்கே, அன்னிக்கு அறுந்துச்சே, அந்த எழய கண்டுபுடி பாக்கலாம்" என்றார் தாத்தா. அவள் சேலையின் ஓரத்தைப் பிரித்து வைத்துக் குனிந்தாள். கண்ணாடியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். நானும் பார்த்தேன். எல்லா இழையும் ஒன்று போலத்தான் இருந்தது. கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையைப் பட்டின் மேல் மெல்ல ஓட்டினாள்.

"இதோ!" என்றாள்.